அறுபது தேங்காய்க்கு ஒரு பழைய தொப்பி

துப்பறிபவர் என்றதும் தமிழ் வாசகரின் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது தொப்பி. ஆள் அதற்குப் பிறகுதான். சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் ‘கல்கண்டு’ இதழின் ஆசிரியராகவும் இருந்தவர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமே அவருடைய முத்திரை. முகவரி எழுதாமல் அவ்விரண்டையும் உறைமேல் வரைந்து அஞ்சலில் சேர்த்தாலும் கடிதம் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று சொல்வதுண்டு. பத்திரிகை, துப்பறிதல், தொப்பி ஆகிய மூன்றும் ஒருவரிடமே கூடியிருந்தன. இம்மூன்றும் கூடிய இன்னொரு வழக்கு, தமிழகக் கரைக்குக் கிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், நிக்கோபார்த் தீவுகளில் கிடக்கிறது. இதில் கொலை இல்லை, கொள்ளை இல்லை. இருப்பதெல்லாம் ஒரு சிரிப்பும் சில நூறு பழைய தொப்பிகளுமே.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலச் செய்தித்தாள்களில் ஒரு துணுக்கு உலவியது. அதன் சாரம் இது: நிக்கோபார்த் தீவினருக்குப் பழைய தொப்பிகள்மீது தீராத மோகம். தலைவர், குடிமக்கள், இளையோர், முதியோர் என்ற வேறுபாடு இல்லை. யாரிடம் அதிகத் தொப்பிகள் உள்ளன, யாருடைய தொப்பி மிக விசித்திரமானது என்பதில் அவர்களுக்குள் போட்டி. காலை வேளையில் கடலெங்கும் ஓடங்கள் தென்படும். ஒவ்வொன்றிலும் ஒருவர் நின்றபடி மீன் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் உடலில் கோவணமும், தலையில் கறுப்புப் பட்டி கட்டிய உயரமான வெள்ளைத் தொப்பியும் மட்டுமே இருக்கும். புதுத் தொப்பி என்றால் அவர்களுக்குச் சந்தேகம். ஏற்கெனவே ஒருவர் அணிந்ததே வேண்டும். கல்கத்தா வணிகர்கள் ஆண்டுதோறும் பழைய தொப்பிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். நல்ல தொப்பி ஒன்றின் விலை 55 முதல் 65 தேங்காய் வரை.

படிப்பவர் சிரிக்காமல் இருப்பது கடினம். அந்தத் துணுக்கு எழுதப்பட்டதே அதற்காகத்தான். கத்தரியும் பசையும் கொண்டு ஒரு பத்திரிகை இன்னொரு பத்திரிகையிலிருந்து செய்தியை எடுத்துக்கொண்ட காலம் அது. துணுக்கு கடல் கடந்தும் அச்சேறியது. இன்றும் பழைய இதழ்களின் மின்பதிவுகளைப் புரட்டும் ஆய்வு மாணவர் கண்ணில் அது தவறாமல் படும். உடனே அதை நண்பருக்கு அனுப்புவார்; அத்தியாயத்தின் முகப்பில் வைக்கலாமா என்றும் யோசிப்பார். வழக்கு அங்கேதான் தொடங்குகிறது. ஒரு சிரிப்பு நூறாண்டுக்கு மேல் பழுதின்றி ஓடிவந்திருந்தால், யாரோ ஒருவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறார் என்று பொருள்.

நிக்கோபாரில் உடையைக் குறித்து எழுந்த மர்மம் இது முதன்முறையன்று. அந்தத் தீவுகளின் பெயரே உடையைப் பற்றிய குறிப்பு என்று விளக்குவோர் உண்டு. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, 1025ஆம் ஆண்டளவில் நடந்த கடற்படையெடுப்பில் வென்ற இடங்களுள் மாநக்கவாரத்தையும் சொல்கிறது. நக்கவாரம் என்ற சொல்லை ஆடையற்றோர் நாடு என்று பொருள் பிரித்தவர்கள் பலர். வந்தவர்கள் தீவின் காட்டையோ மலையையோ பார்த்துப் பெயர் வைக்கவில்லை, இடுப்பைப் பார்த்து வைத்தார்கள் என்பது அந்த விளக்கத்தின் உட்கிடை.

அடுத்து வந்தவர் இடுப்பின் பின்புறத்தைப் பார்த்தார். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கப்பலில் பயணம் செய்த ஸ்வீடன் நாட்டவரான கியோப்பிங், நிக்கோபார் மக்களுக்குப் பூனைக்கு இருப்பதுபோல் வால் உண்டு என்று எழுதினார். பயணிகளின் கதை பயணிகளோடு போயிருந்தால் குற்றமில்லை. உயிரினங்களுக்கெல்லாம் பெயர் சூட்டிய லின்னேயசின் எழுத்து வரை அது போனது. மொழியின் தோற்றத்தைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதிய ஸ்காட்லாந்து நீதிபதி மான்போடோ பிரபு, மனிதனுக்கும் குரங்குக்கும் உள்ள உறவுக்குச் சான்றாக அந்த வாலைப் பிடித்துக்கொண்டார். நீதிமன்றத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவர், அச்சில் வந்த சாட்சியை விசாரிக்காமலே ஏற்றுக்கொண்டார்.

மர்மத்தை அவிழ்த்தவர் ஒரு கப்பல் மருத்துவர். 1778இல் ஆஸ்திரியக் கப்பலொன்றில் நிக்கோபாருக்கு வந்த நிக்கோலஸ் ஃபோன்டானா, கல்கத்தா ஆசியவியல் கழகத்தின் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ தொகுதியில் தீவுகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஆண்கள் இடுப்பில் கட்டும் ஒடுக்கமான துணியின் முனை பின்னால் நீண்டு தொங்குகிறது. வால் என்பது அதுதான் என்றார். நஞ்சை வரப்பில் நின்ற எந்தத் தமிழ் உழவரிடம் கேட்டிருந்தாலும் ஒரே நொடியில் தீர்ந்திருக்கும் சிக்கல் இது. கோவணத்துக்கு வால் உண்டு என்பது அவர் நாள்தோறும் காணும் உண்மை. ஐரோப்பிய அறிஞருலகம் அதைக் கண்டறிய நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

வால் வழக்கு முடிந்தபின் தொப்பி வழக்கு வந்தது. இடுப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது தலையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பழைய தொப்பியைக் கொண்டு துப்பறியும் கலைக்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஆர்தர் கோனன் டாயில் 1892இல் வெளியிட்ட நீலக்கல் பற்றிய கதையில், தெருவில் கிடந்த நைந்த தொப்பி ஒன்று ஷெர்லாக் ஹோம்ஸ் கைக்கு வருகிறது. அதன் அளவைக் கொண்டு அணிந்தவர் அறிவாளி என்கிறார். அதன் தரத்தையும் இன்றைய கோலத்தையும் ஒப்பிட்டு, வாழ்ந்து கெட்டவர் என்கிறார். வாரக்கணக்கில் துடைக்கப்படாத தூசியைக் கண்டு, மனைவியின் அன்பு குறைந்துவிட்டது என்கிறார். ஒரு தொப்பிக்குள் ஒரு மனிதரின் முழு வாழ்க்கையும் இருக்கிறது.

அதே ஹோம்ஸ், இரண்டாண்டுகளுக்கு முன் வந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் அந்தமான் தீவு மனிதர் ஒருவரை எதிர்கொள்கிறார். அங்கே அவர் உற்றுநோக்கவில்லை. அலமாரியிலிருந்து தடித்த புவியியல் அகராதியை எடுத்து, அந்தமான் தீவினர் மனித மாமிசம் உண்ணும் கொடியவர்கள் என்று வாட்சனுக்குப் படித்துக் காட்டுகிறார். அந்தச் செய்தி பொய். லண்டன் தொப்பி என்றால் துப்பறிதல், தீவு மனிதர் என்றால் அகராதி. புனைவுலகின் தலைசிறந்த துப்பறிபவரும் தம் முறையைக் கப்பலேற்றவில்லை. அந்தமானியரும் நிக்கோபாரியரும் மொழியாலும் மரபாலும் வேறுபட்ட மக்கள் என்பது வேறு செய்தி. சிரித்தவர்களுக்கும் அஞ்சியவர்களுக்கும் அந்த வேறுபாடு தேவைப்படவில்லை.

ஆகவே நிக்கோபார்த் தொப்பியை ஹோம்ஸ் லண்டன் தொப்பியைப் பார்த்ததுபோலப் பார்ப்பதே முறை. தடயங்கள் துணுக்குக்குள்ளேயே இருக்கின்றன.

முதல் தடயம் விலை. 55 முதல் 65 தேங்காய். நிக்கோபாரில் தேங்காய் உணவு மட்டுமன்று, கணக்கின் அலகும் அதுவே. அங்கே தேங்காயை இணை இணையாக எண்ணுவார்கள். இணைகளைச் சேர்த்து இருபது இருபதாகக் கணக்கிடுவார்கள். 55 தேங்காயை இணைகளாக அடுக்கினால் ஒன்று துணையின்றி நிற்கும். 65க்கும் அதே கதி. தீவில் பேசப்பட்ட விலையாக இருந்தால் அது முப்பது இணை, அதாவது மூன்று இருபதுகள் என்று இருப்பதே இயல்பு. ஐந்தில் முடியும் எண்கள் கல்கத்தாவிலோ லண்டனிலோ மேசைமேல் பிறந்தவை போலத் தோன்றுகின்றன. நிருபர் தேங்காயை எண்ணியவரை நேரில் கண்டிருப்பாரா என்ற ஐயம் இங்கேயே எழுகிறது.

இரண்டாம் தடயம், புதுத் தொப்பியை அவர்கள் வெறுத்தார்கள் என்ற வாக்கியம். எந்தத் துப்பறியும் கதையிலும் கேட்கப்படும் முதல் கேள்வி, இதனால் யாருக்கு ஆதாயம் என்பது. கல்கத்தாவின் வெயிலில் நெட்டியால் செய்த சோலாத் தொப்பி தலைகளைப் பிடித்துவிட்ட காலம் அது. உயரமான உருளைத் தொப்பிகளுக்கு, அதிலும் நைந்தவற்றுக்கு, அந்நகரில் என்ன மதிப்பு இருந்திருக்கும்? அவற்றை மலிவாக வாங்கித் தேங்காய்க்கு விற்றவரிடம், ஏன் புதியதைக் கொண்டுபோகவில்லை என்று கேட்டால், அவர்களுக்குப் பழையதுதான் பிடிக்கும் என்பதைவிட வசதியான பதில் வேறு இராது. தீபாவளிக்குப் பின் மிஞ்சிய புடவையை, இதுதான் இப்போது நடப்பு என்று சொல்லி எடுத்துப்போடும் ஜவுளிக்கடைக்காரர் எல்லா ஊரிலும் உண்டு. கடைக்காரரின் சொல்லை வாங்குபவரின் சுபாவமாக எழுதிவிட்டதே நிருபரின் பிழை. இது நிரூபணம் ஆகாது. ஆனால் சாட்சி சொன்னவர் விற்பனையாளர் என்றால், அவர் சாட்சியத்தை அந்த அளவுக்கே ஏற்க வேண்டும்.

மூன்றாம் தடயம் துணுக்கில் இல்லாதது. தொப்பிகள் ஏன் தீரவே இல்லை? ஆண்டுதோறும் கப்பல் வருமளவுக்குத் தேவை எப்படி நிலைத்தது? இதற்குப் பதில் எட்வர்ட் ஹொரேஸ் மான் போன்றோரின் பதிவுகளில் இருக்கிறது. 1869இல் ஆங்கிலேயர் நிக்கோபாரைக் கைக்கொண்டு, நங்கௌரித் துறைமுகத்தை ஒட்டிய கமோர்ட்டாவில் 1888 வரை கைதிகள் குடியிருப்பு ஒன்றை நடத்தினார்கள். அக்குடியிருப்பில் அதிகாரியாக இருந்த மான், ஆண்டுக்கணக்கில் மக்களோடு பழகி எழுதியவர். நடுத்தீவுகளில் ஒருவர் இறந்தால் அவருடைய உடைமைகளை உடைத்துக் கல்லறையில் இடும் வழக்கம் இருந்தது. மகன் தந்தையின் தொப்பியை அணிவதில்லை. தந்தையின் தொப்பி தந்தையோடு போய்விடும். பேராசை என்று நிருபர் எழுதியதன் பின்னே துக்கத்தின் ஒழுங்கு ஒன்று இருந்தது. சேர்த்தது எல்லாம் போகவேண்டிய பொருள்.

நான்காம் தடயம் இன்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் தொங்குகிறது. நடுநிக்கோபாரில் யாரேனும் நோயுற்றால், மென்லுவானா எனப்படும் மருத்துவப் பூசகரின் அறிவுரைப்படி ஹென்டாக்கோய் என்னும் படங்களும் உருவங்களும் செய்வார்கள். பலகையிலோ பாளையிலோ வரைந்த அப்படங்களில் சூரியன், சந்திரன், மீன்கள், கப்பல்கள் இருக்கும். நாற்காலி, மேசை, கண்ணாடி, குடை, கடிகாரம் போன்ற அயல்நாட்டுப் பொருள்களும் வரிசையாக இருக்கும். நடுவில் ஐரோப்பிய உடையும் தொப்பியும் அணிந்த உருவம் நிற்கும். தீய ஆவிகளை விரட்டி நோயாளியைக் காப்பது இவற்றின் பணி. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் மான் சேகரித்த நிக்கோபார்ப் பொருள்கள் உள்ளன. அவற்றைப் பார்க்கும்போது ஒன்று விளங்கும். கப்பலில் வந்தவர்கள் தீவினரைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அதே வேளையில், தீவினரும் வந்தவர்களைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எதில் உட்காருகிறார்கள், எதில் முகம் பார்க்கிறார்கள், எதைத் தலையில் வைத்தால் அதிகாரம் வருகிறது என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் வரைந்தார்கள். வெள்ளைக்காரர் நாற்காலியை விட்டு இறங்கமாட்டார் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்தப் படங்களை எழுதியவர்கள்.

இறுதித் தடயம் அரசு ஏட்டிலிருந்தே வருகிறது. ஆங்கிலேயர் நிக்கோபாரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அக்கரைகளில் கப்பல்கள் கொள்ளையிடப்பட்டதும் மாலுமிகள் கொல்லப்பட்டதுமே. எனவே ஒவ்வொரு ஊரின் தலைவரையும் அரசு முறையாக அங்கீகரித்தது. அங்கீகாரம் பெற்ற தலைவருக்கு ஆண்டுதோறும் ஒரு ஜோடி உடை வழங்கப்பட்டது. நியமனச் சான்றிதழும், யூனியன் ஜாக் கொடியும், ஒரு வெற்றுக் குறிப்பேடும் உடன் தரப்பட்டன. கப்பல் ஏதேனும் தென்பட்டால் அவர் கொடியை ஏற்ற வேண்டும். கப்பல் தலைவரிடம் குறிப்பேட்டை நீட்டி வருகையைப் பதியச் செய்ய வேண்டும். கப்பல் உடைந்தாலோ கள்ள வணிகம் நடந்தாலோ தெரிவிக்க வேண்டும். யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்பதற்கெல்லாம் அந்த ஏடே சாட்சி.

இங்கே வழக்கு தலைகீழாகிறது. கரையில் பழைய ஐரோப்பிய உடையில் நின்ற மனிதரைக் கப்பலிலிருந்து பார்த்தவர்கள் வேடிக்கைப் பொருளாகக் கண்டார்கள். அவரோ சீருடையில் கடமையாற்றிக்கொண்டிருந்தார். தொப்பி அணிந்த எல்லோரும் தலைவர்கள் அல்லர் என்பது உண்மையே. ஆனால் அயலாரின் உடை பதவியின் அடையாளம் என்ற பாடத்தை ஆண்டுதோறும் மூட்டை கட்டி அனுப்பியது அரசாங்கம்தான். ‘இங்கிலாந்தின் நண்பன்’ என்று ஒரு தலைவர் பெயர் பெற்றிருந்தது போன்ற செய்திகளைச் சிரித்தபடி எழுதிய பயணிகள், அந்தப் பெயர்களைச் சூட்டி மகிழ்ந்தவர்கள் கப்பல்காரர்கள் என்பதை மறந்துபோனார்கள். நிருபர் தேடிப் போகாத நிருபர் ஒருவர் கரையிலேயே இருந்தார். கையில் ஏடும் வைத்திருந்தார்.

இந்த வழக்கில் தமிழ்ச் சாட்சி ஒருவரும் உண்டு. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வேதப்பன் சாலமன், 1890களின் நடுப்பகுதியிலிருந்து 1909இல் இறக்கும்வரை கார் நிக்கோபாரின் மூஸ் ஊரில் வாழ்ந்தார். அரசு முகவர், பள்ளி ஆசிரியர், மறைப்பணியாளர் என்று பல தொப்பிகள் அவருக்கு. அவர் எழுதிய நாட்குறிப்பின் பகுதிகளை ரிச்சர்டு டெம்பிள் 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் பயன்படுத்திக்கொண்டார். கப்பலிலிருந்து பார்த்தவரின் எழுத்துக்கும் ஊருக்குள் குடியிருந்தவரின் எழுத்துக்கும் உள்ள தொலைவு அங்கே தெரியும். சாலமனும் சார்பற்றவர் அல்லர். அரசின் ஊதியமும் மதத்தின் கடமையும் அவர் பேனாவில் இருந்தன. ஆயினும் அவர் எழுதிய மனிதர்கள் அண்டை வீட்டார். அவர்களை அடுத்த நாளும் முகம் கொடுத்துப் பார்க்க வேண்டியவர், ஒரு பத்திச் சிரிப்புக்காக அவர்களை விற்க முடியாது. அவர் பள்ளியில் படித்த சிறுவன் பின்னாளில் ஆயர் ஜான் ரிச்சர்ட்சன் ஆனார். புதிய ஏற்பாட்டைத் தம் நிக்கோபார் மொழியில் தந்தவர் அவர். 1952இல் அந்தமான் நிக்கோபாரின் முதல் உறுப்பினராக மக்களவையில் அமர்ந்தவரும் அவரே.

சிரிப்பில் என்ன குற்றம் என்று கேட்கலாம். பதிலைச் சொல்லத் தமிழ்க் கரைக்கே திரும்ப வேண்டும். 2004 டிசம்பர் 26 காலை ஒரே ஆழிப்பேரலை கார் நிக்கோபாரையும் கச்சாலையும் நாகப்பட்டினத்தையும் அடித்தது. சில நாள்களில் நாடெங்கிலுமிருந்து நாகைக்கு லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்தன. மீனவ மக்கள் பலர் அவற்றைத் தொட மறுத்தார்கள். சாலையோரங்களில் துணிகள் மலையாகக் கிடந்தன. எல்லாம் இழந்தவர்கள் கொடுத்ததை ஏன் வாங்கவில்லை என்று செய்தியாளர்கள் வியந்து எழுதினார்கள். அந்த மர்மத்தை அவிழ்க்கவும் பெரிய துப்பறிபவர் தேவைப்படவில்லை. முந்தின நாள்வரை தம் உழைப்பில் தம் துணியை வாங்கி உடுத்தியவர்கள் அவர்கள். வீடு போனது, யாருடைய சட்டையை அணிவது என்று முடிவு செய்யும் உரிமை போகவில்லை. கிடந்த துணிகளைப் பின்னர் சேகரித்து, பெண்களுக்கு மாதவிடாய்த் துணியாகவும் வேறு பொருள்களாகவும் ஆக்கிய கூஞ்ச் அமைப்பு, முதலில் கேட்ட கேள்வி எது தேவை என்பது.

பழைய தொப்பியை விரும்பி வாங்கிய நிக்கோபார்க்காரரும், பழைய சட்டையை மறுத்த நாகை மீனவரும் பத்திரிகைக்கு ஒரே வகை விந்தையாகத் தெரிந்தார்கள். ஒருவர் வேண்டியது, மற்றவர் வேண்டாதது. இரண்டிலும் தேர்வு அவர்களுடையது. ஏழையும் தீவினரும் கிடைத்ததை உடுத்துவார்கள், அவர்களுக்கென்று விருப்பமும் காரணமும் இராது என்ற நம்பிக்கைதான் இரண்டு செய்திகளையும் செய்தியாக்கியது.

எனவே அந்தத் துணுக்கை அத்தியாயத்தின் முகப்பில் வைக்க நினைக்கும் மாணவர் தாராளமாக வைக்கலாம். சிரிப்பு நல்ல நுழைவாயில். ஆனால் வாயிலிலேயே நின்றுவிடாமல் ஹோம்ஸ் அந்த லண்டன் தொப்பியைப் புரட்டிப் பார்த்ததுபோல இதையும் புரட்ட வேண்டும். சொன்னவர் யார், விற்றவர் யார், எண்ணியவர் எப்படி எண்ணினார், இறந்தபின் பொருள் எங்கே போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். தலையிலிருந்த தொப்பியைப் பார்த்து முடித்தபின், மறக்காமல் கையையும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு குறிப்பேடு இருந்தது. வந்தவரின் பெயரும் தேதியும் அதில் பதிவாகிக்கொண்டிருந்தன.